பெட்டி இறக்கிய நாள்

22.2.2003, சனி

புழுதிக்காற்று அடங்கிவிட்டது. வெயில் சுள்ளென்று. பஹ்ரைன் ஈசா டவுனில் இந்த வருஷக் குளிர் இவ்வளவுதான்.

கம்பளிகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தாயிற்று. நாலு கம்பளி, இவருடைய ஸ்வெட்டர், என் சால்வை. அலமாரி மேலிருந்த நீலப் பெட்டியை இவர் இறக்கிக் கொடுத்தார். இறக்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் கம்பளியே வேண்டாம், குளிரில் கிடப்போம் என்று புலம்பல். வருஷா வருஷம் இதே வசனம்.

அந்துருண்டை தீர்ந்துபோயிருக்கிறது. வாங்கிப் போட்டு மூடலாம் என்று பெட்டி ஹாலிலேயே.

தரை துடைத்த ஈரம் காய வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பக்கத்து ஃபிளாட் ராஜி பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். போன வாரம் நான் அவியல் கொடுத்த பாத்திரம். வழக்கமாக நேரே சமையலறைக்குள் போய் மூடியைத் திறந்து பார்க்கிறவள், இன்று வாசலிலேயே நின்றாள். "வேலையா இருக்கீக போல. அப்புறம் வாரேன் டீச்சர்." போய்விட்டாள். பாத்திரம் வெறுமையாக வந்திருக்கிறது. எட்டு வருஷப் பழக்கத்தில் அவள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியதே இல்லை. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவாள்.

என்ன கோபம்? அவியலில் உப்பா?

டிவியில் நாள் முழுக்க ஒரே பேச்சு. ஈராக்கில் ஆயுதம் தேடுகிறார்கள். இருக்கிறது என்று ஒருவர், கிடைக்கவில்லை என்று இன்னொருவர். கப்பல்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. தேடச் சொல்கிறவர்களுக்கு விடை முன்பே தெரியும் போல. ரிட்டயர் ஆகி ஒரு வருஷம், என் சந்தேகம் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தே பழகிய கண்.

வாங்க: அந்துருண்டை, து.பருப்பு, இவர் இடுப்புக்குக் களிம்பு.

25.2.2003, செவ்வாய்

மேகம். மழை வரும்போல இருந்து வரவில்லை.

முக்குக் கோல்டு ஸ்டோரில் பொன்னி அரிசி இல்லை. பெரிய தண்ணீர் பாட்டிலும் இல்லை. கடைக்காரர் குஞ்ஞிக்கா கையை விரித்தார். நேற்றே எல்லாம் போயிற்றாம். "டீச்சர் மாத்திரம்தான் இப்பவும் கால் கிலோ பருப்பு வாங்குது" என்று கேலி. விஷவாயு உள்ளே வராமல் ஜன்னலுக்கு ஒட்டும் டேப் மட்டும் ஒரு பெட்டி நிறைய. வாங்கவில்லை. பிறகு திரும்பிப் போய் ஒன்று வாங்கினேன்.

படியேறும்போது முன்னால் ராஜி. டாக்ஸியில் வந்திருக்கிறாள். கையில் ஒரு பெட்டி, மேலே படம் போட்டிருந்தது. வெயிட் மெஷின். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை இழுத்து மூடினாள்.

இது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதியே வைக்கிறேன். இந்தக் கட்டடத்தில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டி நிறுக்க என் மெஷின்தான். மெஷின் கேட்டு வருகிறவர்கள் தேதியைச் சொல்லுவார்கள். தேதி தெரிந்ததும் மற்ற வீடுகளிலிருந்து பொட்டலங்கள் வந்துவிடும். அம்மாவுக்குத் தைலம், தங்கச்சி பிள்ளைக்குச் சாக்லேட், இதை மட்டும் கொஞ்சம் சேர்த்துக் கொண்டுபோங்க அக்கா. எல்லாரும் முனகிக்கொண்டே வாங்கிக்கொள்வோம். யாரும் மறுத்ததில்லை. சொல்லாமல் ஊருக்குப் போகிற பழக்கம் இங்கே கிடையாது.

அப்படியிருக்க ராஜி தனியாக ஒரு மெஷின் வாங்குகிறாள் என்றால்?

அவள் வீட்டுக்காரர் முருகேசன் கப்பல்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் அனுப்பும் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ராணுவக் கப்பலுக்கும் அவர்கள்தான். அவருக்கு ஏதோ தெரியும். தெரிந்து மறைக்கிறார்கள்.

முதல் உலகப்போருக்கு முன்னால் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டுக் கப்பல் கட்டியதைச் சரித்திர வகுப்பில் எப்படிச் சொல்லுவேன்? ஒரே பெஞ்சில் இரண்டு பேர். ஒருத்தி முழங்கையைக் கொஞ்சம் அகட்டி வைக்கிறாள். அவளுக்கு எழுத வசதி, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவளுக்கு அது வசதியாகத் தெரியாது, தன் இடத்தைப் பிடிப்பதாகத் தெரியும். அவளும் முழங்கையை அகட்டுவாள். முதல் ஆள் அதைப் பார்த்து, 'நான் நினைத்தது சரிதான், இவள் சண்டைக்காரி' என்பாள். அரை பீரியடில் இரண்டு பேரும் எழுதுவதை விட்டுவிட்டுத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவளைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை.

அந்துருண்டை போட்டு நீலப் பெட்டியைப் பூட்டினேன். மேலே தூக்கிவைக்க இவருக்கு இடுப்பு சரியாகட்டும்.

28.2.2003, வெள்ளி

லேசான குளிர்காற்று. லீவு நாள். எங்கள் வீட்டில் மாத பஜனை. சுண்டல், கேசரி. கேசரி கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது.

பஜனை சீக்கிரம் முடிந்துபோயிற்று, பேச்சு முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்வி. போர் வருமா, வந்தால் இங்கே விழுமா. நீங்க சரித்திர டீச்சர்தானே, சொல்லுங்க என்று பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு வரப்போவது தெரியாது, வந்ததுதான் தெரியும் என்றேன். விடவில்லை. சரி என்று 1914-ஐச் சொன்னேன். ஒரு இளவரசரைச் சுட்டார்கள். அதற்குப் பழிவாங்க ஒரு பேரரசு சின்ன நாட்டை மிரட்டியது. சின்ன நாட்டுக்கு அண்ணன் ரஷ்யா. மிரட்டியவனுக்கு அண்ணன் ஜெர்மனி. ரஷ்யா 'சும்மா, முன்னெச்சரிக்கை' என்று படையைத் திரட்டியது. ஜெர்மனி அதைப் பார்த்துத் தானும். அதைப் பார்த்து பிரான்ஸ். ஒரு கோடைகாலத்தில் உலகம் முழுக்கத் தீ.

முகத்தைப் பார்த்தால் புரியவில்லை என்று தெரிந்தது. உதாரணம் சொன்னேன். ஊருக்குப் போகும்போது பிளேன் இறங்குகிறது. இன்னும் நிற்கவில்லை. ஒருத்தர் எழுந்து மேலே பெட்டியைத் திறக்கிறார். உடனே பக்கத்து சீட். ஒரு நிமிஷத்தில் எல்லாரும் எழுந்து கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறோம். கதவோ திறக்கவில்லை. எங்கேயும் போக முடியாது. உட்கார்ந்தால் நம் பெட்டி போய்விடும் என்று பயம். எல்லாரும் சிரித்தார்கள். போன லீவில் தன் தலையில் ஒருத்தருடைய டேப்ரிக்கார்டர் விழுந்த கதையை ஒருத்தி ஆரம்பித்தாள்.

ராஜி சிரிக்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "ஆனா டீச்சர், மொதல்ல எந்திரிச்சவந்தான மொதல்ல இறங்குறான்?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேசரியைச் சுற்றிவிட்டார்கள்.

போகும்போது நீலப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஏன்?

3.3.2003, திங்கள்

வெயில். கண் கூசுகிறது.

மனாமா போயிருந்தோம், இவர் கண்ணாடி மாற்ற. கடலோரச் சாலையில் தூரத்தில் சாம்பல் நிறமாக ஒரு கப்பல். போன தடவை இருந்ததா என்று இவரைக் கேட்டேன். நினைவில்லை என்றார். நான் இருந்தது என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கத்தான் ஆசை.

பத்தாம் வகுப்புக்குப் போர்டில் ஒரு படம் வரைவேன். பெர்லினிலிருந்து பாக்தாத்துக்கு ரயில் பாதை. அதை இந்தக் கடல் வரைக்கும் இழுக்க ஜெர்மனிக்கு ஆசை. இந்தியாவுக்குப் போகிற வழியில் இன்னொருத்தன் தண்டவாளம் போடுவதா என்று பிரிட்டனுக்கு வயிற்றெரிச்சல். பாதை போர் வரைக்கும் முடியவே இல்லை. சந்தேகம் மட்டும் கடைசி ஸ்டேஷன் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லுவேன், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து நம் சிப்பாய்கள் கப்பலில் வந்து இதே பஹ்ரைன் பக்கத்தில் காத்துக்கிடந்தார்கள். துருக்கியோடு அப்போது போர் இல்லை. முன்னெச்சரிக்கை. கொஞ்ச நாளில் போர் வந்தது, வடக்கே போய் பஸ்ராவுக்குள் இறங்கினார்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளோ. எந்தப் பேரரசு யாரோடு எதற்குப் போட்டி போட்டது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்களா.

திரும்பி வந்தபோது படியில் முருகேசன் போனில். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். இவர் பின்னால் வந்ததால் கொஞ்சம் கேட்டிருக்கிறார்: "உருளைக்கிழங்கு டபுள், வெங்காயமும் டபுள். யல்லா பாய், ஜல்தி." அப்புறம் வேறு ஒருத்தரிடம் தமிழில், பத்தாம் தேதிக்கே போட்டுருங்க என்று.

இவர் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பத்தாம் தேதி. அதுதான் தேதி. உருளைக்கிழங்கு பொய் சொல்லாது.

பிறகு பச்சைப் பெட்டியையும் இறக்கினார், இடுப்பை மறந்து. சர்டிபிகேட்டுகள், கல்யாண ஆல்பம், மருந்து, இரண்டு மாற்றுப் புடவை. "சும்மா ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான் சரோ" என்றார். காலையில் அந்தச் சிப்பாய்களை நினைத்து நான் மனதுக்குள் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. ஆனாலும் அடுக்கினேன். கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு நிறுத்துப் பார்த்தேன்.

5.3.2003, புதன்

நல்ல வெளிச்சம். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது.

குப்பை கொட்டக் கீழே போனால் படிக்கட்டில் கார்த்திகா. ராஜியின் ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் போர்டு பரீட்சை முடிந்துவிட்டது, 12-ஆம் தேதி பிசிக்ஸ், 20 கணக்கு, 24 கெமிஸ்ட்ரி. புத்தகத்தை மடியில் மூடிவைத்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

என்னம்மா என்றேன். சொன்னாள். பத்தாம் தேதி மதுரைக்குப் போகிறார்களாம், அவளும் அம்மாவும். டிக்கெட் எடுத்தாயிற்று. பரீட்சை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாமாம். ஒரு வருஷம் போகும், இன்ஜினியரிங் போகும், கூடப் படித்தவர்கள் எல்லாரும் மேலே போய்விடுவார்கள்.

பத்தாம் தேதி என்றால் இதுதானா? போர்த் தேதி இல்லை, டிக்கெட் தேதி.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமான பார்வை.

"நீங்கதானே மிஸ் ஃபர்ஸ்ட் பேக் பண்ணீங்க."

"நானா?"

"உங்க ஹால்ல பெட்டிய அம்மா பார்த்துட்டு வந்தாங்க. டீச்சருக்கு எல்லாம் தெரியும், அவங்களே சொல்லாம கிளம்புறாங்கன்னா ஏதோ இருக்குன்னு அன்னைக்குப் பூரா அழுகை. அப்புறம்தான் அப்பாகிட்ட டிக்கெட் எடுக்கச் சொன்னாங்க."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குப்பைப் பை கையிலேயே.

கம்பளி. நாலு கம்பளி, ஒரு ஸ்வெட்டர், ஒரு சால்வை.

அவள் பெட்டியைப் பார்த்தாள், மெஷின் வாங்கினாள். நான் மெஷினைப் பார்த்தேன், பச்சைப் பெட்டியை இறக்கினேன். நடுவில் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது வருஷமாக முதல் உலகப்போருக்குக் காரணங்கள் என்று போர்டில் எழுதிப் போட்டேன். ஆயுதப் போட்டி, கூட்டணி, காலனி ஆசை, தேசவெறி. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதினார்கள், நான் மார்க் போட்டேன். திறந்திருந்த கதவு வழியாகப் பாதி பார்த்தது என்று ஒரு காரணம் எழுதியதே இல்லை.

6.3.2003, வியாழன்

லீவு நாள். காற்று.

நீலப் பெட்டியை உருட்டிக்கொண்டு ராஜி வீட்டுக்குப் போனேன். வேறு எப்படிச் சொல்வது? அவள் கதவைத் திறந்து, பெட்டியோடு நான் நிற்பதைப் பார்த்து வெளுத்துப்போனாள். கிளம்பிட்டீகளா என்றாள். இல்லை, திறந்து பார் என்று சாவியைக் கொடுத்தேன்.

திறந்தாள். கம்பளிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் கைவிட்டுத் துழாவினாள். எனக்குச் சுங்கச் சோதனையில் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு மூக்கைச் சுளித்தாள்.

"அன்னைக்கு அந்துருண்டை வாசமே இல்லையே டீச்சர்."

"வாங்கலையே. அப்புறம்தான் வாங்கினேன்."

"அப்புறமா."

அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு இருந்தது. நான் டிக்கெட் கிடைக்காமல் திரும்பி, பெட்டியில் கம்பளியை மாற்றி அடைத்துக் காட்டுகிறேன் என்று நினைக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைப்பேன்.

"சரி, இது கம்பளி. அந்த இன்னொரு பெட்டி?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "செவுத்துக்கு இங்கிட்டு எனக்குக் கேக்காதா? திங்கக்கெழம உருட்டுனீக. தாப்பாப் போட்டீக."

உண்மையைச் சொன்னேன். அதில் கம்பளி இல்லை என்று. நீ மெஷின் வாங்கியதைப் பார்த்துத்தான் இறக்கினோம் என்று. ஏன் தனியாக வாங்கினாய், என்னிடம் கேட்டிருக்கலாமே.

"ஒங்ககிட்டக் கேட்டா தேதி சொல்லணும்ல."

"சொல்லியிருக்கலாமே ராஜி."

"நீங்க சொன்னீகளா?"

நான் போகவில்லை, சொல்ல எனக்குத் தேதியே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டினாள். நம்பாத தலையாட்டல். எத்தனை பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

பெட்டியை உருட்டிக்கொண்டு திரும்பினேன். மாடி முழுக்க அந்துருண்டை வாசம்.

7.3.2003, வெள்ளி

நடுப்பகல் வெக்கை. ஃபேன் போட்டாயிற்று.

முருகேசனையும் ராஜியையும் காபிக்குக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் நாற்காலி நுனியில். இவர் நேரடியாகக் கேட்டுவிட்டார், உருளைக்கிழங்கு விஷயத்தை. முருகேசன் முதலில் முழித்தார், பிறகு சிரித்தார். பஜனைக்குப் பிறகு இந்த மாடியில் கேட்ட முதல் சிரிப்பு.

"கப்பல்ல ஆள் கூடுனா கெழங்கு கூடும் சார். ஆள் எதுக்குக் கூடுதுன்னு கெழங்குக்குத் தெரியுமா? டீச்சரம்மாவுக்குத் தெரியும்னு நாங்க நெனச்சோம், எனக்குத் தெரியும்னு நீங்க நெனச்சீங்க."

ஆனால் டிக்கெட்டை விட அவருக்கு மனமில்லை. இதை விட்டால் அடுத்த சீட் எப்போது என்று ஏஜெண்டுக்கே தெரியவில்லையாம். இனி நிறுத்த முடியாது என்றார். எனக்கு ஜெர்மனி ராஜா நினைவு வந்தது, சொன்னேன். கடைசி நேரத்தில் அவருக்கே ஒரு தயக்கம், மேற்கே போகிற படையை நிறுத்து என்றார். தளபதி முடியாது என்றுவிட்டார். ரயில்களுக்கு அட்டவணை போட்டாயிற்று, மாற்றினால் எல்லாம் குழம்பும். கேட்டுவிட்டு முருகேசன் "எங்க ஏஜெண்டு மாதிரியே இருக்காரே" என்றார்.

ராஜிதான் கடைசியில் உள்ளே இருந்ததைச் சொன்னாள். குனிந்தபடியே. "நாங்க இருக்கோம்னு வைங்க. நீங்க ஒரு நா காலைல பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா? இவுகளுக்கு நாலு நாள் அஞ்சு நாள் வீடே கெடையாது, துறைமுகத்துலயே டூட்டி. வயசுப்புள்ளைய வச்சுக்கிட்டு இந்த மாடியில நான் ஒத்தையா என்ன செய்வேன்?"

எனக்கும் அதே பயம்தான் என்றேன். இவர் ஆபீஸ் போனபிறகு நானும் ஒற்றைதான். அதை அவள் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் தோன்றியது. அந்தக் காலத்தில் இரண்டு ராஜாக்கள் சமாதானம் பேசினால் வெறும் வாய்வார்த்தையை நம்பமாட்டார்கள். பிணையாக மகனை மற்றவன் அரண்மனையில் விட்டுவைப்பார்கள். எங்களுக்கு மகன் இல்லை. ஆனால் இந்த ஊரில் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஆண்கள் பாஸ்போர்ட் இரண்டும் அவரவர் கம்பெனியில். நினைத்த நேரம் கிளம்பக்கூடியவர்கள் நானும் ராஜியும்தான், எங்களுடையதுதான் வீட்டு அலமாரியில்.

எழுந்து போய் என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து ராஜியின் முன்னால் வைத்தேன். கார்த்திகாவின் கடைசிப் பரீட்சை முடிகிறவரை உன்னிடம் இருக்கட்டும். உன்னுடையது என்னிடம்.

இவர் இருமினார். முருகேசன் காபியை வைத்துவிட்டார். இந்த ஊரில் பாஸ்போர்ட்டைக் கைமாற்றுவது என்றால் என்னவென்று நாலு பேருக்கும் தெரியும். ராஜி தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்தாள். பக்கத்தைப் புரட்டினாள். காலாவதித் தேதியைப் பார்க்கிறாள்.

எழுந்து போனாள். திரும்பி வர வெகுநேரம். வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். என் கையில் கொடுத்தாள்.

நானும் தேதியைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

10.3.2003, திங்கள்

மந்தாரம்.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாக முருகேசன் நேற்று சொன்னார். சொன்னார். ரத்து செய்த காகிதத்தை நான் பார்க்கவில்லை.

காலையில் கீழே டாக்ஸி ஹாரன். ஜன்னலுக்கு ஓடினேன். பக்கத்து ஜன்னலில் ராஜியின் தலை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவளும் நான்தான் போகிறேனோ என்று ஓடி வந்திருக்கிறாள். சிரிக்கவும் முடியவில்லை. டாக்ஸி மூன்றாம் மாடிக்கு. புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை, நாலு பெட்டி. யாரிடமும் சொல்லவில்லை, யார் பொட்டலமும் போகவில்லை. அவர்கள் யார் பெட்டியைப் பார்த்தார்களோ. பஜனைக்கு வந்தவள்தான் அவள்.

பிளேன் போகிற நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கார்த்திகா சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது. லென்ஸ், குவியதூரம், இங்கிலீஷில். காதை வைத்துக் கேட்டேன். வெட்கம்தான். கேட்டேன்.

12.3.2003, புதன்

தூறல், பத்து நிமிஷம். புழுதி வாசம்.

பிசிக்ஸ் முடிந்தது. ஒரு கேள்வி பாடத்துக்கு வெளியே என்று கார்த்திகா சண்டை. நல்ல அறிகுறி.

முந்தாநாள் ரசம் கொடுத்த பாத்திரம் திரும்பி வந்தது. உள்ளே கைப்பிடி சர்க்கரை. இவரிடம் காட்டினேன். ஏன் இப்போது திடீரென்று சர்க்கரை என்றேன். "சர்க்கரையிலயுமா சரோ" என்றார்.

பாஸ்போர்ட் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் தூதரகத்தில் வேறு தருவார்களாமே. ராஜிக்கு அது தெரியுமா? தெரியாது. முருகேசனுக்குத் தெரியும்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வருகிறது. எனக்கே தெரிகிறது என்றால் என்னைப் பற்றி அவளும் இதை நினைத்திருப்பாள்.

18.3.2003, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. தயிர் சீக்கிரம் புளிக்கிறது.

கெடு கொடுத்துவிட்டார்கள். நாற்பத்தெட்டு மணி நேரம். 1914-லும் அந்தச் சின்ன நாட்டுக்குக் கொடுத்த கெடு நாற்பத்தெட்டு மணி நேரம்தான். ஏற்கக்கூடாது என்றே எழுதப்பட்ட கெடு என்று பின்னால் தெரிந்தது.

அந்தப் போரைப் பற்றிப் படித்தவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. யாரும் விரும்பவில்லை, எல்லாரும் சேர்ந்து வழுக்கி விழுந்தார்கள் என்று ஒன்று. இல்லை, வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள், வழுக்கல் ஒரு சாக்கு என்று இன்னொன்று. நான் முதல் கட்சியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முழங்கை உதாரணம், பிளேன் உதாரணம் எல்லாம் அதற்குத்தான். எங்கள் மாடிக்கு அது சரியாகப் பொருந்துகிறது. டிவியில் பேசுகிறவர்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. அங்கே யாரும் வழுக்குகிற மாதிரி தெரியவில்லை. நிதானமாக நடந்து போகிறார்கள்.

குஞ்ஞிக்காவிடம் அரிசி வந்துவிட்டது. யாரும் வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் போய்விட்டார்கள்.

20.3.2003, வியாழன்

விடிகிற நேரத்தில் ஆரம்பித்துவிட்டது. இவர் டிவியைப் போட்டார். பாக்தாத். பச்சையாக ஒரு வானம், சைரன். இங்கே வெளியே ஒன்றுமில்லை. குருவி கத்துகிறது. பக்கத்துப் பள்ளிவாசலில் வழக்கம்போல் பாங்கு.

இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மொதல்ல போய் உன் பாஸ்போர்ட்ட வாங்கிட்டு வா."

நான் மறுக்கவில்லை. மறுத்தேன் என்று எழுத ஆசை.

ராஜி வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி. வாசலில் செருப்பு ஒன்றுகூட இல்லை. முருகேசன் முந்தாநாளிலிருந்து துறைமுகத்தில். வெளியே பூட்டுத் தொங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் மனது ஒரே தாவலில் போய் நின்றது. போய்விட்டார்கள். என் பாஸ்போர்ட்டோடு. அவளுடையது என்னிடம் இருக்கிறதே, எப்படிப் போவாள் என்ற கேள்விகூட உடனே வரவில்லை. வேறு வாங்கியிருப்பாள் என்ற பதில்தான் முதலில் வந்தது.

பிறகுதான் தேதி உறைத்தது. 20. கணக்கு. இங்கே வியாழன் லீவு என்பதெல்லாம் டெல்லி போர்டுக்குக் கிடையாது. ஆனால் போர் ஆரம்பித்த நாளில் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புவார்களா? நம்பிக்கை இல்லாமலேதான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். புடவையைக்கூட மாற்றவில்லை. ரோட்டில் கார் குறைவு.

கேட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டம். கார்க் கதவுகளைத் திறந்துவைத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. மதில் நிழலில் நியூஸ்பேப்பர் விரித்து ராஜி. மடியில் கைப்பை. நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். கை பைக்குள் போயிற்று.

"வாங்கத்தான வந்தீக?"

ஆமாம் என்றேன்.

பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடி. "நானும் விடியக்காலைல நியூஸ் கேட்டதும் ஒங்க கதவத் தட்டுனேன் டீச்சர். தெறக்கல."

டிவி சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.

"போயிட்டீகன்னே நெனச்சேன்."

"அப்படி நெனச்சிட்டு ஏன் இங்க வந்து உக்காந்திருக்கே?"

"பரிச்சைக்கு நேரமாச்சுல்ல" என்றாள்.

உள்ளே மணி அடித்தது. கூட்டத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் கட்டடத்தைப் பார்த்தோம். மூன்றாவது ஜன்னல் வரிசை, நான் மேற்பார்வைக்கு நின்ற ஹால். இந்நேரம் கேள்வித்தாளைக் குப்புறப் போட்டுக்கொண்டு போவார்கள்.

அவள் பேப்பரைக் கொஞ்சம் நகர்த்தி விரித்தாள். நான் உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் இன்னும் அவள் கையில். உள்ளே வை, வியர்வை படும் என்றேன். வைத்துக்கொண்டாள்.

கெமிஸ்ட்ரி திங்கட்கிழமை.